சுகப்பிரசவம் என்னும் எண்

கர்ப்பமான பெண்ணிடம் நம் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை மாசம்?" இரண்டாவது கேள்வி, "எங்க காட்டுற?" இரண்டாவதற்குப் பதில் சொன்னால் கேட்டவர் அதோடு விடுவதில்லை. "அங்கயா? அங்க போனா கத்திதான். எங்க நாத்தனார் மகளுக்கு வலி வரவே விடல" என்பார் ஒருவர். "அந்த டாக்டரம்மா பொறுத்துப் பார்ப்பாங்க. ஆனா ராத்திரில அவங்க இருக்க மாட்டாங்க" என்பார் இன்னொருவர். "பெரியாஸ்பத்திரில வைத்தியம் நல்லாத்தான் இருக்கும். அவங்க பேசற பேச்சத்தான் தாங்க முடியாது" என்பார் மூன்றாமவர். வளைகாப்பு வீட்டில், டவுன் பஸ்சில், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைப் பொம்பளைப் பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். படித்த பெண்களான நாமும் பல நேரம் அப்படித்தான் ஒதுக்குகிறோம்.

அந்த மூன்று பேச்சையும் பிரித்துப் பார்ப்போம். ஒரு மருத்துவமனையில் எத்தனை பிரசவம் அறுவையில் முடிகிறது என்பது முதல் செய்தி. இரவுப் பணியில் மருத்துவர் இருக்கிறாரா என்பது இரண்டாவது. பிரசவ அறையில் பெண்ணை எப்படி நடத்துகிறார்கள் என்பது மூன்றாவது. மருத்துவத் தரத்தை அளக்கும் நிபுணர்களும் இந்த மூன்றைத்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் பதில் அட்டவணையாக இருக்கிறது, நம் பெண்களிடம் வாய்ச்சொல்லாக இருக்கிறது. மருத்துவமனைகள் தம் செயல்பாட்டு விவரங்களை மக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். அட்டவணையில் இருப்பது அவள் கைக்கு ஏன் வரவில்லை? வரும்போது எந்த உருவில் வர வேண்டும்?

பெண்களின் வாய்ச்சொல் எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு வியன்னா சாட்சி. 1840களில் அந்நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். எந்த நாளில் வந்து சேர்கிறாள் என்பதை வைத்து ஒரு பெண் எந்தப் பிரிவுக்குப் போவாள் என்பது முடிவாகும். 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் 100 தாய்மாருக்குச் சுமார் 10 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் 4 பேருக்கும் குறைவு. இந்தக் கணக்கை யாரும் கர்ப்பிணிகளிடம் காட்டவில்லை. இலவச மருத்துவத்துக்காக வந்த ஏழைப் பெண்கள் அவர்கள். ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் பிரிவின் நாளில் வந்துவிட்டால், அங்கே சேர்க்க வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். வழியிலேயே பெற்றுக்கொண்டு குழந்தையோடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அப்படிப் பெற்றவர்களுக்குப் பிரசவக் காய்ச்சல் குறைவாகவே வந்தது.

இதையெல்லாம் பதிவு செய்தவர் அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ். பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று கண்டு, 1847இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு சரிந்தது. அவரை மருத்துவ வரலாறு போற்றுவது சரியே. ஆனால் எந்தப் பிரிவு கொல்கிறது என்று அவருக்கு முன்பே தெரிந்து வைத்திருந்த பெண்களின் பெயர் வரலாற்றில் இல்லை. அவர்களுடைய அறிவு பயம் என்று மட்டுமே பதிவாயிற்று.

அந்தப் பயத்தை எண்ணாக மாற்றிய பெண் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். கைவிளக்கு ஏந்திய காரிகை என்றே நம் பாடநூல்கள் அவரை நமக்குக் காட்டின. அவர் கையில் இருந்த இன்னொரு கருவி புள்ளியியல். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர அவர் முன்முயற்சியில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிய பிரசவ வார்டு, காய்ச்சல் சாவுகளால் 1867இல் மூடப்பட்டது. அவர் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. பல நாட்டு மகப்பேறு இல்லங்களின் கணக்குகளைத் திரட்டி 1871இல் நூலாக வெளியிட்டார். வீட்டில் பெற்றவர்களில் 1000க்குச் சுமார் 5 பேர் இறந்திருக்க, மருத்துவமனைகளில் பெற்றவர்களில் 1000க்குச் சுமார் 34 பேர் இறந்திருந்தார்கள். தன் முயற்சியில் உருவான வார்டின் சாவுக் கணக்கிலிருந்து தொடங்கி, இந்த நிறுவனங்கள் இருக்கத்தான் வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்டார். மருத்துவமனைத் தரவைத் திறந்து வைப்பது என்றால் என்ன என்பதற்கு இன்றும் இதைவிட நேர்மையான முன்மாதிரியை நான் அறியேன்.

இந்தியாவுக்கு வருவோம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 21.5 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 14.3, தனியாரில் 47.4. தமிழ்நாட்டில் மொத்தம் 44.9. இங்கே அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. தனியாரில் மூன்று பெண்களில் ஏறத்தாழ இருவருக்கு வயிற்றை அறுத்துத்தான் குழந்தை பிறக்கிறது என்று பொருள். "அங்க போனா கத்திதான்" என்பது எவ்வளவு சரியான பேச்சு! ஆனால் இந்த ஆய்வு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கணக்கு சொல்லும். நம் தெருமுனை நர்சிங் ஹோமின் எண்ணைச் சொல்லாது.

அந்த எண்ணைத்தான் மும்பையைச் சேர்ந்த சுபர்ணா கோஷ் கேட்டார். மருத்துவமனைகள் தம் சிசேரியன் விகிதத்தை அறிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற அவருடைய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2017இல் அன்றைய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் மேனகா காந்தி சுகாதார அமைச்சருக்கு எழுதினார். அதே ஆண்டு, மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகள் சிசேரியன், இயல்பான பிரசவ விகிதத்தைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தத் திட்டத்தின் பயனாளிகள் மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் அவர்கள் குடும்பத்தாரும். பருத்திக்காட்டுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் பெண்ணுக்கு அந்தப் பலகையால் என்ன பயன்? கோரிக்கை பெண்கள் எல்லோருக்குமானது, கிடைத்ததோ ஒரு சிறு வட்டத்துக்கு.

வட்டத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதுமா? இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கிறேன். பலகையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் சிசேரியன். இன்னொன்றில் நாம் என்ன எழுதுவோம்? "சுகப்பிரசவம்". கத்தி வைக்காமல் பிறந்தால் சுகம் என்று நம் மொழி முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு மடக்குத் தண்ணீர்கூடத் தராமல் மல்லாக்கப் படுக்க வைத்ததும் அந்தக் கட்டத்துக்குள்தான் வரும். தொடையில் அறைந்ததும், "பெத்துக்க ஆசப்பட்டப்போ தெரியலயா" என்று கேட்டதும் அங்கேதான். மரக்கச் செய்யாமல் தையல் போட்டதும், கேட்காமலேயே காப்பர்-டி வைத்துவிட்டதும் அங்கேதான். பிரசவத்தின்போது பெண்கள் அவமதிக்கப்படுவதையும் துன்புறுத்தப்படுவதையும் உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிவித்தது. நம் கணக்கில் அதற்குக் கட்டமே இல்லை.

கட்டம் இரண்டாக மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து உயிர்களைக் கொடுத்துக் கற்றது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகளை நடத்தும் அரசு அறக்கட்டளையின் சிசேரியன் விகிதம் பல ஆண்டுகள் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. அது நல்ல மதிப்பெண்ணாகக் கருதப்பட்டது. குழந்தையை இழந்த இரண்டு தம்பதிகள் தாங்களாகவே தேடி, அதே மருத்துவமனைகளில் நடந்த 23 நிகழ்வுகளைத் திரட்டி அமைச்சரிடம் கொடுத்தார்கள். மருத்துவச்சியான டோனா ஆக்கெண்டன் தலைமையில் விசாரணை தொடங்கியது. 23 என்பது 1486 குடும்பங்களாக விரிந்தது. நல்ல கவனிப்பு கிடைத்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றது 2022 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை. 9 தாய்மாரின் சாவிலும் பெரிய தவறுகள் இருந்தன. அறுவை தேவைப்பட்ட பெண்கள் காக்க வைக்கப்பட்டிருந்தார்கள், அறுவை கேட்ட பெண்கள் மறுக்கப்பட்டிருந்தார்கள். தங்கள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்று குடும்பம் குடும்பமாகச் சொன்னார்கள். சிசேரியன் விகிதத்தை மொத்தமாக வைத்து மருத்துவமனைகளை மதிப்பிட வேண்டாம் என்று அந்நாட்டு தேசிய சுகாதாரச் சேவை அந்த ஆண்டுதான் கைவிட்டது.

ஆக, எண்ணை மறைத்தாலும் பெண் சாகிறாள், ஒற்றை எண்ணைக் கொண்டாடினாலும் பெண் சாகிறாள். தனியார் மருத்துவமனை வேண்டாத அறுவையைத் தலையில் கட்டுவதும், அரசு மருத்துவமனை வேண்டிய அறுவையைத் தள்ளிப்போடுவதும் பார்க்க எதிரெதிராகத் தெரியும். இரண்டிலும் அவள் ஒப்புதலுக்கு இடமில்லை. அந்த ஒப்புதலின்மையை அளக்காத எந்தப் பலகையும் எனக்குப் பாதிப் பலகைதான்.

"எண் சிக்கலானது, மக்களுக்குப் புரியாது, அதனால் வெளியிட முடியாது" என்று சொல்வார்கள். சிக்கல் உண்மை. ஆனால் அதைத் தீர்க்கும் வழியும் இருக்கிறது. 2001இல் மைக்கேல் ராப்சன் என்ற மருத்துவர் பிரசவங்களைப் பத்து வகையாகப் பிரித்தார். முதல் பிரசவமா, முன்பு சிசேரியன் ஆனவரா, ஒற்றைக் குழந்தையா, தலை கீழே இருக்கிறதா, மாதம் நிறைந்ததா, வலி தானாக வந்ததா என்ற கேள்விகளே அடிப்படை. முதல் பிரசவம், நிறைமாதம், தலை கீழே, வலி தானாக வந்தது என்ற பெண்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், சிக்கலான தாய்மாரைப் பார்க்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் தெருமுனை நர்சிங் ஹோமுக்கும் நியாயமான கணக்கு கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்த முறையையே பரிந்துரைத்தது. குறிப்பிட்ட விகிதத்தைத் துரத்தாமல் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்யுங்கள் என்றும் சொன்னது. புரியாது என்கிறார்களே, மேலே உள்ள கேள்விகளில் நம் அத்தைகளுக்குப் புரியாதது எது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்மைப் பற்றிய தரவு எவ்வளவு எளிதாக மேலே போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்தால் 12 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். பிக்மி எண் என்று எல்லோருக்கும் தெரியும். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அலைய வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, எத்தனையாவது கர்ப்பம், ரத்த அளவு, எடை என எல்லாவற்றையும் கொடுக்கிறோம். அந்தப் பதிவால் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணும் விடுபடாமல் தேடிப் போவதற்கு அது உதவுகிறது. ஆனால் எங்களிடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொண்ட அமைப்பு, நாங்கள் போகவிருக்கும் மருத்துவமனையைப் பற்றி ஒரு வரிகூடத் திருப்பித் தருவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அரசு அமைப்புகள் கேட்காமலேயே தகவலை வெளியிட வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. ஆனால் 63.8 விழுக்காடு அறுவை நடக்கும் தனியார் மருத்துவமனைகளிடம் அந்தச் சட்டத்தைக் காட்டி நேரடியாகக் கேட்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட ஒன்று உண்டு. மகப்பேற்றில் நிகழும் ஒவ்வொரு சாவையும் தணிக்கை செய்யும் வழக்கம் 1990களிலேயே இங்கே தொடங்கிவிட்டது. 2018–20 கணக்கில் இந்தியாவில் லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54. தணிக்கைக்கும் அதில் பங்கு உண்டு. 2010இல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவரின் குடும்பத்தாரையும் அழைக்க வேண்டும். அங்கே பெயர் சொல்லிப் பழிபோடக் கூடாது என்பது விதி. பழி வருமென்றால் மருத்துவர்கள் உண்மை பேச மாட்டார்கள் என்பதால் அந்த விதியை நான் மதிக்கிறேன். தனிப்பட்ட பெண்ணின் சாவுக் கோப்பை ஊருக்குப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் இந்த மருத்துவமனையில் இத்தனை தாய்மார் இறந்தார்கள், இன்ன குறைகள் தெரிந்தன, இன்னின்னது மாற்றப்பட்டது என்று யார் பெயரும் இல்லாமல் எழுதி வைப்பதில் யாருக்குப் பழி?

எண் வெளியானால் மருத்துவமனைகள் தப்பும் வழி தேடும் என்பதும் உண்மைதான். நியூயார்க் மாநிலம் 1990இல் இதய அறுவையில் எந்த மருத்துவமனையில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று வெளியிட்டது. சாவு குறைந்தது. கூடவே, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. நம் ஊரில் இதற்குப் புதிதாக வழி கண்டுபிடிக்கத் தேவையில்லை. ரத்தப்போக்கு நிற்காத பெண்ணைக் கடைசி நேரத்தில் ஆம்புலன்சில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால், சாவு அங்கே எழுதப்படும். ஆகவே அனுப்பியவரின் கணக்கிலும் அது ஏற வேண்டும். எத்தனை பேரை அனுப்பினீர்கள், எந்த நிலையில் அனுப்பினீர்கள் என்பதும் பலகையில் வர வேண்டும்.

செவிலியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவ அறையில் திட்டுபவர் பெரும்பாலும் இன்னொரு பெண்தான். தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டு, நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகச் சாலையில் உட்கார்ந்து போராடுகிறவர்களில் ஒருவராகவும் அவர் இருக்கலாம். அவர் கை ஓங்கியதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எத்தனை கட்டிலுக்கு அந்த இரவில் அவர் ஒருத்தியாக நின்றார் என்ற எண்ணும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை மேலிடத்தை விட்டுவிட்டுக் கடைசிப் படியில் நிற்பவளை மட்டும் குற்றவாளியாக்கும். வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணுக்கு எதிராக நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

"தகவல் கிடைத்தால் மக்கள் நல்ல மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பார்கள்" என்பதுதான் தரவை வெளியிடச் சொல்பவர்களின் வழக்கமான வாதம். கடையில் சேலை எடுப்பதுபோலப் பிரசவத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வசதி எத்தனை பெண்களுக்கு இருக்கிறது? 108 எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கே பெறுகிறவள் உண்டு. மாமியார் சொன்ன இடத்துக்குப் போகிறவள் உண்டு. காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும் இடத்துக்குப் போகிறவள் உண்டு. அவளுக்கு எண் வேண்டியது கேள்வி கேட்பதற்காக. "எனக்கு முதல் பிரசவம், தலை கீழதான் இருக்குன்னு சொல்றீங்க. என்னை மாதிரி வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இங்க ஆபரேஷன் ஆகியிருக்கே, ஏன் டாக்டர்?" என்று கேட்க அவளுக்கோ, கூட நிற்கும் அவள் அக்காவுக்கோ ஒரு பிடி வேண்டும். தனியாக நின்று கேட்டால் திமிர் என்பார்கள். அச்சிட்ட தாள் கையில் இருந்தால் அப்படி எளிதாக வாயை அடைக்க முடியாது.

இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். நியூயார்க் மாநிலத்திலேயே 1989இல் ஒரு சட்டம் வந்தது. பிரசவத்துக்குப் பதிவு செய்யும் ஒவ்வொரு பெண்ணிடமும் மருத்துவமனை தன் சிசேரியன் விகிதம், முன்பு சிசேரியன் ஆனவர்களில் இயல்பாகப் பெற்றவர்களின் விகிதம், மருந்து கொடுத்து வலி வரவழைத்தது எத்தனை, வெட்டித் தையல் போட்டது எத்தனை என்று அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நம் கர்ப்பிணிகள் ஒவ்வொருவர் கையிலும் ஏற்கெனவே தாய்–சேய் நல அட்டை இருக்கிறது. அதில் அவள் எடை, அவள் ரத்தம், அவள் ஊசி எல்லாம் எழுத இடமுண்டு. அதில் இன்னொரு பக்கம் சேர்க்கட்டும். அந்தப் பக்கத்தை மருத்துவமனை நிரப்பட்டும்: ராப்சன் வகைப்படி அறுவை, தையல், இரவுப் பணியில் மருத்துவரும் செவிலியரும் எத்தனை பேர், வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், இறந்தவர்கள். கடைசி வரிசையை நிரப்ப வேண்டியவர்கள் அங்கே பெற்றுவிட்டுப் போன பெண்கள்: கூடத் துணைக்கு ஆள் விட்டார்களா, கேட்டுவிட்டுச் செய்தார்களா, அடித்தார்களா, திட்டினார்களா. வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து, அந்த மருத்துவமனையைச் சாராத ஒருவர் கேட்டு எழுத வேண்டும். பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன் கேட்டால் எல்லோரும் "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்றுதான் சொல்வோம்.

அந்தப் பக்கம் வரும்வரை "எங்க காட்டுற?" என்று கேட்பவர்களை நாம் புறம் பேசுகிறவர்கள் என்று தள்ள வேண்டாம். நின்று பதில் சொல்வோம். நமக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்வோம். தையல் பிரிந்ததையும், யார் திட்டினார்கள் என்பதையும், யார் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றார் என்பதையும். இப்போதைக்கு நம்மிடம் இருக்கும் பதிவேடு அது ஒன்றுதான்.